மண்மாரியும் வான்தூசியும்

உறையூரில் நமது தெருவில் ஒரு நெசவாளி மகளின் கலியாணம் சென்ற மாதம் நின்றுவிட்டது. பெண் கார்த்திகை நட்சத்திரமாம், மாப்பிள்ளைக்குப் பொருந்தாதாம். பொருத்தம் பார்த்த ஜோசியரை, "அந்தக் கார்த்திகை எவ்வளவு தூரத்திலிருக்கிறது?" என்று கேட்டேன். "அதெல்லாம் நமக்கெதற்கு?" என்றார்.

தோழர்களே! கார்த்திகை என்பது ஆறு பெண்களுமல்ல, ஆறு நட்சத்திரங்களுமல்ல. ஆயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் கூட்டம். அதன் வெளிச்சம் நம்மிடம் வந்துசேரச் சுமார் 440 வருஷமாகிறது. படம் பிடித்தால் சுற்றிலும் நீலப் புகைபோல் தெரிகிறது. அது தூசி.

உறையூர்ச் சுருட்டைப் பற்றவைத்துப் பாருங்கள். நெருப்பு முனையிலிருந்து எழும் புகை பக்கத்திலிருந்து பார்த்தால் நீலம்; அதே புகையினூடே விளக்கைப் பார்த்தால் மங்கல், சிவப்பு. நுண்துகள் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கிறது. சிவப்பை அதிகம் விட்டுவிடுகிறது. வானத்திலும் இதே கதைதான்.

1930-ல் அமெரிக்காவில் லிக் வானாராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் டிரம்ப்ளர் என்பவர் பல நட்சத்திரக் கூட்டங்களின் மங்கலை வைத்துத் தூரம் கணக்கிட்டார். தூரமான கூட்டங்களெல்லாம் கிட்டவுள்ளவற்றைவிடப் பெரியவை என்று கணக்கு வந்தது. நம்மைவிட்டு விலக விலகக் கூட்டம் பருப்பானேன்? நாம்தான் பிரபஞ்சத்துக்கு நடுவா? ஜோசியராயிருந்தால் ஈசன் லீலை என்றிருப்பார். டிரம்ப்ளரோ கணக்கையே சந்தேகித்தார். இடையிலுள்ள தூசி வெளிச்சத்தைத் தின்கிறது என்று கண்டார். சுமார் 3,000 ஒளியாண்டில் ஏறக்குறையப் பாதி போய்விடுகிறதென்பது அவர் கணக்கு.

நட்சத்திரத்தின் சொந்த நிறம் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். அது எவ்வளவு சிவந்திருக்கிறதோ, ஒளித்தர அளவில் அதைப்போல் சுமார் 3 மடங்கு மங்கியிருக்கும். அதைக் கழித்த பிறகே மெய்யான தூரமும் வயதும் கிடைக்கும். நமது ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தூரதர்சினி இருக்கிறது. அங்கே தட்சிணை வாங்கிக்கொண்டு யாரும் நட்சத்திரம் பார்ப்பதில்லை!

நந்தவனத்துச் செவ்வந்திப் பூ அரசனிடம் போயிற்றென்று உறையூர் முழுவதும் மண்மாரியில் மூடிற்றென்கிறது புராணம். பூ சூடியது அரண்மனை, புதைந்தவர்கள் ஊரார்! இந்த நியாயத்தை நம்புகிறவர்களுக்கு, எங்கோ உள்ள நட்சத்திரத்துக்காக இங்கே ஒரு பெண் தண்டனையடைவது நியாயமாகப் படுவதில் ஆச்சரியமென்ன?

அந்தத் தகப்பனார் ஜாதகத்தை அடுப்பில் போடட்டும். மாப்பிள்ளையின் தொழில், தேகநிலை, குணம் இவற்றை விசாரிக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் பெண்ணின் சம்மதத்தைக் கேட்கட்டும்.