வடக்குப் பார்த்த வீடு, தெற்குப் பார்த்த டிஷ்

திருவள்ளூர் மாவட்டத்துச் செவ்வாப்பேட்டையில் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் என்னென்ன விசாரிப்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரமா, போர் தண்ணி உப்பா, கரண்டுக்கு யூனிட் எவ்வளவு, பைக்கை உள்ளே விடலாமா. மொட்டை மாடி சாவி யாரிடம் இருக்கும் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. டிவியில் படம் தெரியுமா தெரியாதா என்பது அந்தச் சாவியின் கையில்தான் இருக்கிறது.

எங்களுடையது வடக்குப் பார்த்த வீடு. குபேர திசை என்று சொல்லியே புரோக்கர் வாடகையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டார். பால்கனியும் வடக்கே. குபேரன் வந்தாரோ இல்லையோ, சிக்னல் வரவில்லை. டிவி செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. தமிழ்நாட்டில் எந்த ஊரில் நின்று பார்த்தாலும் தெற்குப் பக்க வானம்தான். டிடி ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பாகிற ஜிசாட்-15 இருப்பது 93.5 டிகிரி கிழக்கில். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, நல்ல உயரத்தில். பால்கனியில் டிஷ்ஷை மாட்டி அந்தப் பக்கம் திருப்பினால் அது எங்கள் ஹால் சுவரையே வெறித்துப் பார்க்கும். வாஸ்து பார்த்து வீடு கட்டியவர் செயற்கைக்கோளைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஆக, மாடிக்குத்தான் போக வேண்டும். கீழே ஒரு குடித்தனம், நடுவில் நாங்கள், மேலே ஓனர். சாவி அவர் இடுப்பில்.

"கூலிங் டைல்ஸ் போட்டு ஒரு வருஷங்கூட ஆகல தம்பி. ஆங்கர் போல்ட்டு அடிச்சா வெடிப்பு வுடும். மழைத் தண்ணி உங்க வீட்லயா ஒழுவும்? என் பெட்ரூம்லதான ஒழுவும்!"

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. துளை போட்ட தளத்தில் தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும் என்று சொந்த வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். ஆனால் அதே மாடியில் அவருடைய டிஷ் போல்ட் போட்டு ஜம்மென்று நிற்கிறது. பக்கத்திலேயே, காலி செய்து போன குடித்தனக்காரர்கள் விட்டுச் சென்ற துருப்பிடித்த டிஷ்கள் வேறு. அந்த ஓட்டைகளில் ஒழுகாத தண்ணீர் என் ஓட்டையில் மட்டும் ஒழுகுமாம். சரி, புதுசாகத் துளையே வேண்டாம், அந்தத் துருப்பிடித்த ஸ்டாண்டிலேயே மாட்டிக்கொள்கிறேன் என்றால், "அதுல கை வெக்காதீங்க, கெடக்கட்டும்" என்கிறார். எதற்காகக் கிடக்க வேண்டும் என்று கேட்க வாடகைக்காரனுக்கு வாய் இல்லை.

கடைசியில் வழி சொன்னவர் டிஷ் மாட்ட வந்த மெக்கானிக். காலி பெயிண்ட் பக்கெட்டில் சிமென்ட்டும் ஜல்லியும் கொட்டி, நடுவில் இரும்பு பைப்பை நட்டு, காய்ந்ததும் அதில் டிஷ்ஷை மாட்டு. துளையும் இல்லை, தகராறும் இல்லை. வாடகை வீடுகளுக்கு என்றே தொழிலில் உருவான வித்தை இது. பக்கெட்டை மாடியேற்றி டிஷ்ஷை அங்கே இங்கே திருப்பியபோது திரையில் சிக்னல் ஸ்ட்ரென்த் அறுபதைத் தாண்டியது, குவாலிட்டி சைபர். "ஸ்ட்ரென்த்த நம்பாதண்ணே, குவாலிட்டி ஏறினாதான் படம்" என்றார். டிஷ்ஷின் முன்னால் நிற்கும் எல்.என்.பி.யை ஒரு நூல் சுழற்றினார். குவாலிட்டி குபுக்கென்று ஏறியது.

படம் நிலைத்தது ஓனரம்மா போர்வை துவைக்கும் வரைதான். கொடிக்கயிற்றின் ஒரு முனையை எங்கள் டிஷ் கம்பியில் கட்டிவிட்டார். ஈரப் போர்வையின் கனத்தில் பக்கெட் லேசாகத் திரும்பியது. இரண்டடி டிஷ்ஷுக்கு இரண்டு டிகிரி விலகினாலே சிக்னல் நொண்டும். இன்னும் விலகினால் அடியோடு போகும். 36,000 கிலோமீட்டர் பத்திரமாக வந்த அலை ஒரு போர்வைக்குத் தோற்றது. சரிசெய்யப் போகலாம் என்றால் மாடி பூட்டியிருக்கிறது, ஓனர் குடும்பத்தோடு திருத்தணிக்குப் போயிருக்கிறார்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் இன்னொரு கூத்து. டிஷ்ஷுக்கு வருகிற கேயு பேண்ட் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். கனமழையின் துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். யார் வீட்டு டிஷ் ஆனாலும் இது உண்டு. ஆனால் ஓரளவு விலகி, உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிற டிஷ் முதல் தூறலிலேயே படுத்துவிடும். அன்று ரமணன், பிறகு பாலச்சந்திரன் என்று வானிலை மையத்தில் யார் பேசினாலும், "திருவள்ளூர் மாவட்டத்தில்" என்று வாயெடுக்கிற நேரத்தில் எங்கள் திரை கறுத்துவிடும். எங்களுக்கு மழை என்பது எங்களுக்கே தெரியும்; எத்தனை நாளுக்கு என்பதுதான் தெரியவேண்டியிருக்கிறது.

பழைய ஏரியலே தேவலை. 1975 ஆகஸ்ட் 15-இல் மதராஸ் தூர்தர்ஷன் தொடங்கிய பிறகு, எங்கள் பக்கத்தில் சென்னையைப் பார்த்துக் கிழக்கே திருப்பி வைப்பார்கள். சுவரை ஒட்டி நட்ட ஜி.ஐ. பைப்பைக் கீழே நின்றே திருகலாம், யார் சாவியும் வேண்டாம். அந்தத் தரைவழி ஒளிபரப்பு நிலையங்களில் பெரும்பாலானவற்றை 2022-க்குள் மூடிவிட்டார்கள்.

வெளிநாட்டில் வாடகைக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் 1996-லேயே விதி வந்துவிட்டது: ஒரு மீட்டருக்கு உட்பட்ட டிஷ்ஷை மாட்டக் கூடாது என்று யாரும் தடுக்க முடியாது. 1999-இல் அதை வாடகைக்காரர்களுக்கும் நீட்டினார்கள். ஆகா என்று மேலே படித்தால், வாடகைக்காரர் தன் சொந்தப் புழக்கத்தில் உள்ள பால்கனி, முற்றம் போன்ற இடங்களில் மட்டுமே மாட்டலாம். பொதுக் கூரை சேராது. எனக்கு அந்தச் சட்டம் தருவதும் அதே வடக்குப் பால்கனிதான்!

"ஓடிடி பாருங்க சார்" என்று உபதேசம் செய்கிறவர்கள் என் மாமியாரிடம் வந்து செய்யட்டும். போனில் ஒன்றரை ஜிபி தீர்ந்ததும் சீரியலில் மருமகள் வாயைத் திறந்தபடி நின்றுவிடுகிறாள். பொதிகை 2024-இல் டிடி தமிழ் ஆனது கூட அவருக்கு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. டிவியில் தெரியாவிட்டால் என்ன, ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால், வானம் வெளுத்திருந்தால், எங்கள் மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம். சாவி கிடைத்தால்.

தை மாதம் பதினோரு மாத அக்ரிமென்ட் முடிகிறது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறதே, டிஷ் வைக்க இடமும் மாடி சாவியின் ஒரு நகலும் என்று ஒரு வரி சேர்த்துவிடலாம் என்று ஓனரிடம் பேச்சைப் போட்டேன்.

"தாராளமா சேத்துக்கலாம் தம்பி" என்றார். "நானும் வாடகையில ஒரு வரி சேக்கணும்னுதான் இருந்தேன்."