பாட்டும் பாட்டியும்

சென்ற பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் கிரிவலம் போனேன். மொத்தம் 14 கிலோ மீட்டர். பாதி வழியில் பக்தி கொஞ்சம் குறைந்து, கால்வலி கொஞ்சம் கூடியது. ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு கிராமத்து அம்மாள், தூங்கி வழிந்த பேரனை மடியில் போட்டுக்கொண்டு, "என் சாமி, என் சாமி" என்று முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். அண்ணாமலையாரைத்தான் கூப்பிடுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, பேரனைத்தான்!

அந்தச் சமயம் பார்த்துக் கடைக்காரர் 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டை வைத்தார். பேரன் எழுந்து உட்கார்ந்து தாளம் போட ஆரம்பித்துவிட்டான்.

"ஏம்மா, யாரு பாடறது?" என்று கேட்டாள் அம்மாள்.

"தீ என்ற பெண்ணும், அறிவு என்ற பிள்ளையும், ஆயா."

"அதுங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளமானது.

சினிமாவில் வராத இந்தத் தனிப் பாட்டு 2021 மார்ச் 7-ந் தேதி வெளிவந்தது. தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். யூட்யூபில் 40 கோடி தடவைக்கு மேல் பார்த்துவிட்டார்கள். தலைப்பில் பாதி இங்கிலீஷ். மீதி, பாட்டிமார் பேரனைக் கொஞ்சும் அதே 'என் சாமி'.

அறிவு அரக்கோணத்துக்காரர். அரக்கோணமும் திருவண்ணாமலையும் 1989 வரை ஒரே வட ஆற்காடு ஜில்லா. அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டு, இந்தியா திரும்பியவர். மலைக்காட்டைத் திருத்தித் தோட்டமாக்கிய அந்தத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு 1948-ஆம் வருஷச் சட்டம் குடியுரிமை தரவில்லை. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. உழைத்த மண்ணும் சொந்தமில்லை, வந்த இடத்திலும் காணி நிலமில்லை. அந்த ஏக்கம்தான் பாட்டாகியிருக்கிறது. வள்ளியம்மாளையும் படத்தில் காட்டியிருக்கிறார்கள்.

பாட்டு கடல் கடந்தது. டிஜே ஸ்னேக் என்ற பிரெஞ்சுக்காரர் அதை மாற்றியமைத்து உலகெங்கும் வெளியிட்டார். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டைப் படம் போட்டது. தீ இருந்தார்; கனடாவில் வாழும் தமிழர் ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார்; அறிவு இல்லை! டைரக்டர் பா. ரஞ்சித் முதலியோர் கேள்வி கேட்டார்கள். பிறகு அறிவின் படத்தையும் போட்டார்கள்.

2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் துவக்க விழாவில் இந்தப் பாட்டு முழங்கியபோதும் மேடையில் அறிவு இல்லை. "இயற்றியதும் மெட்டமைத்ததும் நான்தான்" என்றார் அறிவு. "மூவரும் சேர்ந்து செய்தது" என்றார் சந்தோஷ் நாராயணன். தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஆனால், ஒன்று தெரிகிறது. பாட்டுக்குச் சிறகு முளைத்ததும், கூடு கட்டியவர் பெயரை உலகம் சௌகரியமாக மறந்துவிடுகிறது.

இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். "எங்க ஆயாகூட நடவுல நல்லாப் பாடும்" என்றாள் அம்மாள்.

"அவர் பெயர் என்ன?"

அவள் யோசித்தாள். வெற்றிலையை மடித்தாள். மறுபடி யோசித்தாள். "எல்லாரும் ஆயான்னுதான் கூப்புடுவோம்... பேரு ஞாபகம் வரலியேம்மா" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. என்னைத் தூங்கவைத்த தாலாட்டு, என் அம்மாவின் பாட்டி பாடியது. அதில் நாலு அடி எனக்குத் தெரியும். பாடியவர் பெயர்?

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்தேன். "அர்த்த ராத்திரியில் என்னடி கேள்வி இது?" என்று கோபித்துக்கொண்டாள், அப்புறம் சொன்னாள். பெயர் பாப்பாத்தி. நாலு அடியையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கீழே அந்தப் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுத் தாலாட்டு யாருடையது? இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.