பெயருக்குப் பொருள் சொல்லும் பெரியோர்க்கு

பெயர்களுக்குப் பொருள் கூறும் கைந்நூல்கள் இப்பொழுது எங்கும் மலிந்து கிடக்கின்றன. புத்தகக் கடையிலே பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் அவற்றை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கைத்தொலைபேசியிலும் அவை வந்து சேர்ந்துவிட்டன. முதலிற் பெயர், அடுத்து அது எந்த மொழிக்குரியது என்ற குறிப்பு, அதற்கடுத்துப் பொருள். சாரா, எபிரேயம், இளவரசி. பீலிக்ஸ், இலத்தீன், பாக்கியவான். ஒனேசிமு, கிரேக்கம், பயனுள்ளவன். பிள்ளை பெற்ற வீட்டார் ஆவலோடு புரட்டுகின்றனர். புரட்டட்டும், அதிலே குற்றமில்லை. ஆனால் பெயரின் பொருள் அகராதியிலே இருக்கிறது, அதை எடுத்துக் குழந்தையின் தலையிலே சூட்டிவிட்டால் முடிந்தது என்ற எண்ணம் இந்நூல்களின் அடியிலே கிடக்கின்றதே, அதைத்தான் நாம் ஏற்க முடியாது. யார் பெயரிட்டார், யாருக்கு இட்டார், எந்தப் பெயரை யாருக்கு மறுத்தார் என்ற கேள்விகளை அந்த எண்ணம் விழுங்கி ஏப்பம் விடுகிறது.

மேலே சொன்ன மூன்று பெயர்களையே எடுத்துக்கொள்வோம். 1938 ஆகஸ்ட் 17ஆம் திகதி ஹிட்லரின் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. யூதப் பெயரென்று அரசு ஒப்புக்கொண்ட பட்டியலிலே இல்லாத பெயருடைய யூதர் ஒவ்வொருவரும் 1939 ஜனவரி 1 முதல் இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்; ஆணாயின் 'இஸ்ரயேல்', பெண்ணாயின் 'சாரா'. ஒரு தேசத்து யூதப் பெண்கள் எல்லாரும் ஒரே நாளிலே இளவரசிகள் ஆக்கப்பட்டனர்! அந்த இளவரசிப் பட்டம் எதற்குப் பயன்பட்டது என்பதை உலகம் அறியும். பீலிக்ஸ் என்பது உரோமாபுரியிலே அடிமைகளுக்குச் சாதாரணமாக வைத்த பெயர்களுள் ஒன்று. விலைக்கு வாங்கப்பட்டவனே பாக்கியவான் என்று அழைக்கப்பட்டான். ஒனேசிமுவும் அவ்வாறே. அவன் பயனுள்ளவன்தான், யாருக்குப் பயன் என்பதைக் கைந்நூல் சொல்வதில்லை. அதற்கும் முந்திய காலத்து உரோமர் அவ்வளவு சிரமமும் படவில்லை. மார்க்குஸ் என்பானின் அடிமைக்கு 'மார்க்கிபோர்' என்று பெயர். மார்க்குஸின் பையன் என்பது அதன் பொருள். நரைத்த தலையோடும் அவன் பையனே. நமது கந்தோர்களிலும் பங்களாக்களிலும் பேரப்பிள்ளை கண்ட மனிதரைப் 'பொடியன்' என்று கூப்பிட்ட கனவான்கள் இலத்தீன் படித்தவர்கள்தாம் போலும்.

அடிமைகள் கிடக்கட்டும், எசமான் வீட்டுப் பெண்ணின் கதி என்ன? ஜூலியா, குளோடியா, கொர்னேலியா என்று இன்று நாகரிகமாக ஒலிக்கும் பெயர்கள் யாவும் குலப்பெயரின் பெண்பால் வடிவங்களே. ஜூலியர் குலத்திலே பிறந்த பெண்கள் எல்லாரும் ஜூலியா. இருவர் இருந்தால் பெரியவள், சின்னவள்; இன்னொருத்தி பிறந்தால் மூன்றாமவள். சீசர்களின் வீட்டிலும் பெண்ணுக்கு எண்தான் கிடைத்தது.

இவையெல்லாம் அந்நியர் செய்த அநியாயம், நமது முன்னோர் பெயரிடுவதிலே பேரறிஞர் என்று மார்தட்டுவோர் மனுதர்மத்தின் இரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்க்கலாம். பிராமணன் பெயர் மங்களத்தைக் குறிக்க வேண்டும்; க்ஷத்திரியன் பெயர் வலிமையை; வைசியன் பெயர் செல்வத்தை; சூத்திரன் பெயரோ இகழ்ச்சியைக் குறிக்க வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு இழிவைப் பெயராகச் சூட்டு என்று ஒரு சாஸ்திரம் கட்டளையிடுகிறது! அடுத்து வருவது பெண்களுக்கான விதி. அவர்கள் பெயர் உச்சரிக்க எளிதாக, கடுமையின்றி, இனிமையாக, மங்களகரமாக, நெட்டெழுத்திலே முடிய வேண்டுமாம். இன்றைய கைந்நூல்களிலே பெண்குழந்தைகளுக்கான பகுதியை எடுத்துப் பாருங்கள். ஒன்று தப்பாமல் மனுவின் இலக்கணம் அங்கே நிறைவேறியிருக்கும். நூலைத் தொகுத்தவர் மனுவைப் படித்திருக்கவே மாட்டார். படிக்காமலே கீழ்ப்படிய வைப்பதன்றோ ஆளும் கருத்தியலின் வலிமை?

மராட்டியத்திலே சாத்தாரா மாவட்டத்தில் பெண்குழந்தை வேண்டாமென்றிருந்த வீடுகளிலே பிறந்தவர்களுக்கு 'நகுசா', அதாவது வேண்டப்படாதவள், என்று பெயரிட்டிருந்தார்கள். 2011இல் அத்தகைய 285 சிறுமிகளுக்கு அரசு விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டியது. தமிழகத்துக் கிராமங்களின் 'போதும்பொண்ணு' இவர்களுக்கு உடன்பிறந்தவள். இப்பெயர்களுக்கும் பொருளுண்டு, அகராதிப் பொருளும் வாழ்க்கைப் பொருளும் சற்றும் விலகாமல் ஒன்றியிருக்கின்றன. கைந்நூலிலே மட்டும் இவற்றுக்கு இடமில்லை.

நமது நாட்டுக்கு வருவோம். 1660இல் கண்டி அரசிலே சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்த ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலிலே, உயர்குலத்தாரை ஏனையோரிலிருந்து பிரித்துக் காட்டுபவை அவர்களது பெயரும் உடையை அணியும் முறையுமே என்று எழுதினார். துணி எதுவரை நீளலாம் என்பதும் பெயர் எதுவரை நீளலாம் என்பதும் ஒரே சட்டத்தின் இரு பிரிவுகள். சாதியைக் காட்டிக்கொடுக்கும் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்வதாகச் சிங்கள மக்கள் பத்திரிகைகளிலே விளம்பரம் செய்துவந்தது இந்த நொக்ஸின் வாக்கியத்துக்கு எதிராகத்தான்.

யாழ்ப்பாணம் இதிலே சளைத்ததன்று. வேளாளன் வீட்டிலே பிறந்த கந்தசாமி, கந்தசாமியாகவே வளர்ந்து கந்தசாமிப்பிள்ளையாகச் செத்தான். பனையேறியின் வீட்டிலே பிறந்தவனோ கந்தன்; அவன் மனைவி வள்ளியம்மை அல்லள், வள்ளி. தகப்பன் வயதுடைய கந்தனை எசமான் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடலாம். கந்தன் அந்தப் பிள்ளையின் தகப்பனை 'நயினார்' என்றும் தாயை 'நாச்சியார்' என்றும்தான் அழைக்கலாம். ஒரே முருகனின் பெயர்தான். 'சாமி'யும் 'பிள்ளை'யும் ஒருவனுக்கு உரிமை, மற்றவனுக்குத் துடுக்கு. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1960களிலே தேநீர்க் கடைகளுக்குள்ளும் கோவில்களுக்குள்ளும் நுழைவதற்காக இரத்தம் சிந்திய போராட்டங்கள் நடந்தன. அந்தப் போராட்டங்களிலே நின்றவர்கள் கேட்டவற்றுள் முழுப்பெயரால் அழைக்கப்படும் உரிமையும் அடங்கியிருந்தது.

அந்த முழுப்பெயருக்கும் ஒரு வேடிக்கையான உபகதை உண்டு. 1816 முதல் யாழ்ப்பாணத்திலே பள்ளிகளை நிறுவிய அமெரிக்க மிஷனரிமார், மாணவரைப் பராமரிக்கக் கடல்கடந்து பணம் அனுப்பிய புண்ணியவான்கள் விரும்பிய பெயரை அம்மாணவருக்கு இட்டனர். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்றெல்லாம் நமது இலக்கிய வரலாற்றிலே வரும் பெயர்கள் அக்காலத்தின் சின்னங்கள். கந்தனுக்குச் 'சாமி'யை மறுத்த சமூகம், டொலருக்கு ஆர்னல்டாக இசைந்தது. அதனை நான் குறைகூறவில்லை. அவர்கள் அப்பெயர்களைச் சுமந்துகொண்டே தமிழுக்குத் தொண்டு செய்தனர். பெயர் எந்த மொழி என்று பார்த்து மனிதனின் பற்றை அளப்போருக்கு அவர்களே விடை.

மலைநாட்டிலே இன்னொரு விதம். அங்கே துரைமாருக்குத் தொழிலாளி ஒவ்வொருவனும் 'ராமசாமி'. பெண் ஒவ்வொருத்தியும் 'மீனாட்சி'. ஆயிரக்கணக்கான மனிதரின் பெயரை அழித்து இரண்டே பெயரால் ஒரு வர்க்கத்தைச் சுட்டினார்கள். தென்னாபிரிக்காவிலும் இதே கதைதான். தமிழ்ப் பெயர்களின் ஈற்றிலே வரும் 'சாமி'யைக் கொண்டு இந்தியர் எல்லாரையும் 'சாமி' என்று வெள்ளையர் இழிவாக அழைத்தனர். சுறுக்கான சிலர், சாமி என்றால் எசமான் என்று பொருள், நான் உமக்கு எசமானா என்று திருப்பிக் கேட்டதைக் காந்தி தமது சுயசரிதையிலே குறித்திருக்கிறார். அகராதி அவர்கள் பக்கம் இருந்தது. சவுக்கு மற்றவர் பக்கம் இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்ட அக்கான் இனத்தாரின் 'குவாசி' என்ற பெயரும் இவ்வாறே கெட்டது. ஞாயிற்றுக்கிழமை பிறந்தவன் என்ற பொருளுடைய நல்ல பெயர் அது. தோட்டத் துரைமாரின் வாயிலே முட்டாளைக் குறிக்கும் சொல்லாயிற்று. அடிமையாக விற்கப்பட்ட எக்கியானோ 1789இல் எழுதிய தன் வரலாற்றிலே, கப்பற் தலைவன் தனக்குக் குஸ்தாவுஸ் வாசா என்று பெயரிட்டதையும், அதை ஏற்க மறுத்தபோதெல்லாம் அடிவிழுந்ததையும் கூறுகிறான். வாசா என்பவன் சுவீடனை டென்மார்க்கின் பிடியிலிருந்து விடுவித்த அரசன். விடுதலை வீரனின் பெயரை அடித்து அடித்து ஓர் அடிமைக்குச் சூட்டினார்கள்.

இனி நமது தூய பெயர்க்காரரிடம் வருவோம். வேதாசலம் 1916இல் மறைமலை ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். மனுவின் விதியையும் வடமொழி ஆதிக்கத்தையும் எதிர்த்து எழுந்த அந்த மாற்றத்திலே ஜனநாயக உணர்வு இருந்தது. அதனை மதிக்காதவன் வரலாறு அறியாதவன். ஆனால் தானே தன் பெயரை மாற்றிக்கொள்வது வேறு. அடுத்தவன் பெயரைப் பார்த்து முகஞ்சுளிப்பது வேறு. பெயர்த் தூய்மை அரசின் கைக்குப் போனால் என்னவாகும் என்பதற்குப் பல்கேரியா சாட்சி. சோஷலிசம் என்று சொல்லிக்கொண்ட அந்த அரசு 1984-85 குளிர்காலத்திலே இலட்சக்கணக்கான துருக்கிய மக்களின் பெயர்களைப் பல்கேரியப் பெயர்களாக வலிந்து மாற்றியது. இடதுசாரிகளாகிய நாம் இதனைப் பிறர் சொல்லக் காத்திராமல் நாமே சொல்ல வேண்டும். இங்கோ 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமரின் பெயர் சொலமன் வெஸ்ற் றிஜ்வே டயஸ் பண்டாரநாயக்க. அவர் பிறந்தபோது இலங்கையை ஆண்ட வெள்ளைத் தேசாதிபதியின் பெயரை நடுவிலே தாங்கியிருந்தார். அந்தப் பெயர் சட்டத்தைத் தடுத்ததுமில்லை, தூண்டியதுமில்லை.

இன்று யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டுத் தமிழறிஞர் பலர் தலையில் அடித்துக்கொள்கின்றனர். நிரோஷன், டிலக்ஷன், தனுஷிகா, கஜானி. இவற்றுக்குப் பொருள் என்ன, இது எந்த மொழி, தமிழன் இப்படிக் கெட்டுப் போனானே என்று மேடைதோறும் ஓலம். பொருளில்லைதான், பல பெயர்கள் ஓசைக்காகக் கட்டப்பட்டவை. எண்சாத்திரக்காரன் கூலி வாங்கிக்கொண்டு எழுத்தைக் கூட்டிக் குறைத்த அபத்தமும் இவற்றிலே கலந்திருக்கிறது. அந்த மோசடியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் கந்தனின் பேரனும் கந்தசாமிப்பிள்ளையின் பேரனும் ஒரே வகுப்பிலே இரண்டு நிரோஷன்களாக உட்கார்ந்திருக்கிறார்களே, இதைக் கவனித்தீர்களா? இடாப்பை வாசிக்கும் ஆசிரியருக்கு அந்தப் பெயரிலிருந்து சாதியை மோந்து பார்க்க முடியாது. அகராதியிலே பொருளில்லாத அந்தப் பெயர், நூற்றாண்டுக் கணக்காகப் பெயர் செய்துவந்த காட்டிக்கொடுக்கும் வேலையைச் செய்ய மறுக்கிறது. தாழ்த்தப்பட்ட கிராமத்துத் தாய் ஒருத்தி அப்படிப்பட்ட பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது அவளுக்குத் தமிழ்ப்பற்று இல்லை என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? தமிழ்ப்பெயர் தமிழனாலேயே அவளுடைய தாத்தாவுக்கு மறுக்கப்பட்டதே! "நீர் எவ்விடம்?" என்ற கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது, பெயரிலே கிடைக்காததை அந்தக் கேள்வியாற் கறந்துவிடுகிறார்கள். ஒரு வாசல்தான் அடைபட்டிருக்கிறது. அந்த ஒன்றையும் திறந்துவிடச் சொல்லித்தான் தூயவாதி கூச்சலிடுகிறான், தான் என்ன கேட்கிறோம் என்று அறியாமலே.

தமிழ்ப்பெயரே அடையாளம், அதனாலே காப்பு என்போருக்கும் ஒரு சொல். 1983 ஜூலையிலே கொழும்பில் வீடு தேடி வந்த கூட்டங்களின் கையில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. அன்று பெயரைப் படித்தவர்கள் அதன் வேர்ச்சொல்லை ஆராயவில்லை.

பெயரைப் பற்றிக் கவலைப்படுவோர் கவலைப்படுவதற்கு உண்மையான காரியம் ஒன்று இருக்கிறது. மலைநாட்டுத் தோட்டங்களிலே தமிழ் எழுதத் தெரியாதவர்கள் காதிலே விழுந்தபடி பிறப்பைப் பதிந்தார்கள். பிறப்புச் சாட்சிப்பத்திரத்திலே ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலிலே இன்னொன்று, அடையாள அட்டையிலே மூன்றாவது. நாற்பது வருடம் கொழுந்து பறித்தவள் ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தால், மூன்று பேரும் ஒருத்திதான் என்று சத்தியக் கடதாசி முடித்து வரச் சொல்கிறார்கள். பஸ் கூலியும் சத்தியக் கடதாசிக் கூலியும் அவள் கையிலிருந்து போகின்றன. சில வேளை பணம் வரும் முன்னே அவள் போய்விடுகிறாள். அவளுடைய பெயர் இலட்சுமியா லெச்சுமியா லச்சிமியா என்பதிலே அவளது முதுமைக்காலச் சோறு தங்கியிருக்கிறது. முதலாம் வகுப்பிலே பிள்ளையைச் சேர்க்கும் நாளில் அந்த மூன்று கடதாசிகளையும் பக்கத்திலே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, பிழையிருந்தால் பதிவாளரிடம் திருத்த வழிகாட்டி அனுப்பும் வேலை பாடசாலை ஆசிரியரால் முடியாததன்று. தோட்டப் பாடசாலைகளிலே கற்பிக்கும் தோழர்கள் வரும் ஜனவரியிலேயே இதனைத் தொடங்கலாம்.