மடியில் கனத்தை வைத்தது யார்?

சாரம் அவ்வை திடலில் போன மாதம் நடந்த கூட்டத்தில் ஒருவர், "மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? உளவுத்துறையைக் கண்டு பதறுகிறவன் தேசத்துக்கு எதிரி" என்று முழங்கினார். பலத்த கைதட்டல். இதே பேச்சைப் பல வருஷங்களாக டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் ஓய்வுபெற்ற அதிகாரிகளின் பேட்டியிலும் கேட்டு வருகிறேன். தமிழ்த் தேசியம் பேசும் இளைஞர்களை நோக்கித்தான் பெரும்பாலும் இது வீசப்படுகிறது. வேறு ஊரில் பேசினாலாவது பொறுத்துக்கொள்ளலாம். புதுச்சேரி மண்ணில் நின்றுகொண்டு இதைப் பேச எப்படி மனம் வருகிறது?

அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த ஊருக்கு 1908-ல் பாரதியார் வந்தார். 1910-ல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். பின்னாலேயே பிரிட்டிஷ் இந்தியாவின் ரகசியப் போலீசார் வந்து தெருத் தெருவாகக் குடியேறினார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்ற பிறகு நெருக்கடி முற்றியது. வெளியூர்க்காரர்கள் இங்கே தங்கவேண்டுமானால் உள்ளூர்ப் பிரமுகர்கள் ஐந்து பேர் நற்சான்று தரவேண்டும் என்று பிரெஞ்சு அரசு விதி கொண்டுவந்தது. அதற்கும் கையெழுத்துப் போட ஆட்கள் இருந்த ஊர் இது.

அடுத்து நடந்ததைத்தான் கூட்டத்துப் பேச்சாளருக்கு யாராவது எடுத்துச் சொல்லவேண்டும். 1912 வாக்கில் ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்த வேலைக்காரம்மாவின் கைக்கு மூடிய பாத்திரம் ஒன்று வந்தது. உள்ளே ராஜத்துரோகத் துண்டறிக்கைகள், கடிதங்கள், கூடவே காளி படம். எல்லாம் போலி. பிரிட்டிஷாரின் கையாளான மயூரேசன் என்பவன் செய்த வேலை. கிணற்றில் போடுவது, பிறகு பிரெஞ்சுப் போலீசில் புகார் கொடுத்துச் சோதனை போடவைப்பது, ஆட்களை நாடுகடத்துவது, இதுதான் ஏற்பாடு. நண்பர்கள் கூடிப் பேசினார்கள். பாத்திரத்தை ஒளித்து வைக்காமல் தாங்களே போலீசைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அரவிந்தர் வீட்டுக்கும் விசாரணை நீதிபதி சோதனைக்கு வந்தார். அவர் அங்கே கண்டது கிரேக்க, லத்தீன் புத்தகங்கள். புகார் கொடுத்த மயூரேசன் பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓடிப்போனான்.

அந்த அம்மா அன்று வாளியை வேறு பக்கம் இறக்கியிருந்தால்? ஐயர் மடியில் கனம் இருந்திருக்கும். அவர் வைத்தது இல்லை, அவர்கள் வைத்தது. "ஐயர் வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தவர்தானே" என்று கேட்பார்கள். இருக்கட்டும். அதற்கு ஆதாரம் இருந்தால் நீதிமன்றத்தில் காட்டவேண்டியதுதானே? கிணற்றில் ஏன் போடவேண்டும்?

அரவிந்தர் வீட்டுக்குள்ளேயே தங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பீரேன் ராய் கதையும் உண்டு. திடீரென்று அவர் மொட்டை போட்டுக்கொண்டார். உடனிருந்த இன்னொரு இளைஞரும் போட்டுக்கொண்டார். ரகசியம் தெரிந்துதான் அவரும் மொட்டை போட்டார், தன் வேஷம் வெளிப்பட்டுவிட்டது என்று அரண்டுபோன பீரேன், தான் ஒற்றன் என்று ஒப்புக்கொண்டு, வாங்கிய பணத்தை அரவிந்தரின் காலடியில் வைத்தார்.

"அது வெள்ளைக்காரன் போலீஸ், இது நம்ம போலீஸ்" என்பது அடுத்த வாதம். சாரத்தில் சிலையாக நிற்கும் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா, வெள்ளையனை எதிர்த்துச் சிறை போனவர். சுதந்திர இந்தியாவிலும் அவருக்குத் தலைமறைவாக வாழ நேர்ந்தது. யார் போலீசுக்குப் பயந்து?

பேரறிவாளனை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று நடந்த ராஜீவ் காந்தி கொலை படுபாதகம். அதற்காக யார் தலையையும் கொண்டுபோய் நிறுத்திவிடலாமா? ஜூன் 11 அன்று விசாரணைக்கென்று அழைத்துப்போனபோது அவருக்கு வயது 19. இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக்கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. போலீஸ் அதிகாரி எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்கும் தடா சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. அதை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், 22 வருஷம் கழித்து 2013-ல் வாய் திறந்தார். பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னாராம். அந்த ஒரு வரியை அதிகாரி எழுதாமல் விட்டுவிட்டாராம். விட்டுப்போன அந்த வரிக்குப் பின்னால் தூக்குத் தண்டனை நின்றது. தாய் அற்புதம்மாள் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது மகனுக்கு 50 வயது. இவர் மடியில் வழிநெடுக இருந்த கனம் எது, அதை வைத்தது யார்?

"தப்பு நடந்தால் நீதிமன்றம் திருத்தும்" என்கிறார்கள். இதே வழக்கில் 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை வெளியே விட்டது. அவர்கள் சிறையில் கழித்த வருஷங்களை எந்த நீதிமன்றம் திருத்தியது?

இப்படிப்பட்ட சட்டங்கள் ஆதரித்தவர்களையும் விடுவதில்லை. வைகோ, பொடா சட்டத்தை ஆதரித்த கூட்டணியில் இருந்தவர். 2002-ல் திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக அதே பொடாவில் பத்தொன்பது மாதம் உள்ளே இருந்தார்.

கடைசியாக, "இஸ்ரேலைப் பார், அங்கே மக்கள் உளவுத்துறையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள்." இதைச் சொல்கிறவர்கள் இஸ்ரேலைப் பற்றி ஒரு புத்தகமாவது படித்திருக்கவேண்டும். அங்கே உள்நாட்டு உளவு அமைப்பான ஷின் பெத்தை ஆழ்ந்த அவநம்பிக்கையோடு பார்ப்பவர்களில் தீவிர யூத தேசியவாதிகளே முன்வரிசை. காரணமும் இருக்கிறது. 1995 நவம்பரில் பிரதமர் ராபின் கொல்லப்பட்ட பிறகு, அவருக்கு எதிராகக் கொதித்துக்கொண்டிருந்த ஏயால் என்ற தீவிரக் குழுவை நடத்திய அவிஷாய் ரவிவ், ஷின் பெத்தின் ரகசிய ஆள் என்பது அம்பலமானது. கூட்டத்தைத் தூண்டிவிட்டவனே அரசின் ஆளென்றால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? 2015-ல் தூமா கிராமத்தில் பாலஸ்தீனக் குடும்பம் ஒன்று எரிக்கப்பட்டது. கொடூரம். பிடிபட்ட யூத இளைஞர்களை அடித்துத் துன்புறுத்தி வாங்கிய சில வாக்குமூலங்களை 2018-ல் மாவட்ட நீதிமன்றமே தள்ளிவிட்டது. அந்த இளைஞர்களின் அரசியல் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. ஆனால் பாலஸ்தீனர்களிடம் பழகிய கை, ஒரு நாள் தம் வீட்டுப் பிள்ளைகள் மேலும் விழும் என்பதை அந்த நாட்டுத் தேசியவாதிகள் தெரிந்துகொண்டார்கள். தேசத்தை நேசிப்பதும் உளவுத்துறையைச் சந்தேகிப்பதும் அவர்களிடம் ஒன்றாகவே இருக்கிறது.

அந்த ஷின் பெத்துக்கும் 2002-ல் நாடாளுமன்றம் போட்ட சட்டம் உண்டு. நமது உள்நாட்டு உளவுத்துறையான ஐ.பி. 1887-ல் வெள்ளையர் ஆட்சியில் பிறந்தது. பாரதியாரை வேவு பார்த்த காலத்து வழிமுறையில் வந்த அமைப்பு. 1968-ல் வந்த வெளிநாட்டு உளவு அமைப்பான ராவுக்கும் சரி, இதற்கும் சரி, அதிகாரம் இவ்வளவுதான், பொறுப்பு இன்னாரிடம் என்று வரையறுக்கும் தனிச் சட்டம் இன்றுவரை கிடையாது. 2011-ல் மக்களவையில் மணீஷ் திவாரி தனிநபர் மசோதா கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. நம்பு என்று எங்களிடம் மேடை போட்டுச் சொல்கிறவர்கள், முதலில் அந்தச் சட்டத்தைக் கேட்டு டெல்லிக்கு எழுதட்டும்.