மலைக்கு நடந்து போவோம்

மே மாதம் பிறந்துவிட்டால் நம் குடும்பங்களில் வேன் பேசும் படலம் தொடங்கிவிடும். மூன்று நாள், பன்னிரண்டு இடங்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் குழந்தைகளை உலுக்கி எழுப்பி, இரவு பதினொரு மணிக்கு விடுதி தேடி அலைந்து, இடையில் கொடைக்கானல் ஏரியைச் சன்னல் வழியே காட்டிவிட்டு, ‘பார்த்தாயிற்று’ என்று விரல் மடக்குகிறோம். இதற்கு ஓய்வு என்று பெயர். வீடு திரும்பி இரண்டு நாள் படுத்துக் கிடக்கிறோமே, உண்மையான ஓய்வு அதுதான்.

இவ்வழக்கத்தை எதிர்த்தே எழுதுகிறேன். விடுமுறைக்கு மலையேறுகிறவர், உடல் இடங்கொடுக்குமானால், நடந்தே ஏறட்டும் என்பது என் கட்சி.

நடை என்பது நேர்ச்சைக்காரருக்கு உரியது என்பர் சிலர். வேளாங்கண்ணிக்கு நடப்பவரைக் கண்டால் வழியில் நீர்மோர் கொடுத்து வணங்குகிறோம். கொடைக்கானலுக்கு நடப்பவரைக் கண்டால் பேருந்துக்குக் காசில்லையோ என்று இரங்குகிறோம். துன்பத்திற்காக நடக்கலாம், மகிழ்ச்சிக்காக நடக்கலாகாது என்பது எங்கே எழுதியிருக்கிறதோ, நானறியேன்.

மற்றும் சிலர் இதை வெள்ளைக்காரர் பழக்கம் என்பர். அவர்கள் கொடைக்கானலின் கதையைச் சற்றே கேட்க வேண்டும். 1845இல் அமெரிக்க மறைபணியாளர் அங்கே முதல் வீடுகளைக் கட்டினர். மோட்டார் சாலையோ 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான் வந்தது. அதுவரை பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து கால்நடையாகவோ குதிரையிலோ ஏறவேண்டும். அல்லது நாற்காலியில் அமர்ந்து பிறர் தோளில் ஏறவேண்டும். அந்த நாற்காலிகளைச் சுமந்தவர்கள் நம்மவர்கள். ஆகவே வெள்ளைக்காரர் பழக்கம் எதுவென்று கேட்டால், நடப்பதைவிடச் சுமக்கப்படுவதையே நான் சுட்டுவேன்.

நடந்தவர்களும் இருந்தார்கள். செண்பகனூரில் 1895இல் இயேசு சபையார் தம் கல்லூரியை நிறுவினர். அங்கிருந்த குருக்கள் பழனிமலையின் சரிவுகளில் நடந்து நடந்தே அங்குள்ள கற்பதுக்கைகளைக் கண்டு ஆராய்ந்தனர். அருட்தந்தையர் ஆங்லேடும் நியூட்டனும் அவற்றைப் பற்றி எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் அம்மலையில் மாந்தர் வாழ்ந்த சுவட்டைச் சாலையிலிருந்து யாரும் பார்த்துவிட முடியாது.

பல ஆண்டுகளுக்கு முன் இரு நண்பருடன் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறினேன். அடிவாரத்தில் முள்ளும் புளியமரமும் மாந்தோப்பும். வெயில் முதுகைச் சுட்டது. மேலே செல்லச் செல்லக் காப்பிச் செடிகள், மலைவாழை, நிழல். இன்னும் மேலே சோலைக்காடு, காற்றே வேறு. ஏறத்தாழ 7,000 அடி உயரம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த எண்ணை அன்றுதான் என் தொடைகள் புரிந்துகொண்டன. வழியில் நாங்கள் மூவரும் பேசியதுபோல் அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை. பேச்சு ஓய்ந்தபோது அதுவும் உறுத்தவில்லை.

ஆனால் வெள்ளகவியில் எனக்கு வெட்கம் வந்தது. கொடைக்கானல் உருவாவதற்கு முன்பே இருந்த சிற்றூர் அது. ஊருக்குள் காலணி அணிவதில்லை என்ற மரபுடையது. அப்போது அங்கே சாலை இல்லை. அரிசி மூட்டை குதிரை முதுகில் ஏறியது. நோயாளி டோலியில் இறங்கினார். நான் இன்பம் என்று நடந்த பாதை அவர்களுக்கு விலக்க முடியாத விதி. ‘சாலை வராதவரைதான் இவ்வூர் அழகு’ என்று நண்பர் ஒருவர் சொன்னபோது, தலையில் விறகுடன் ஒரு மூதாட்டி எங்களைக் கடந்து சென்றார். இத்தகைய பேச்சை நான் வெறுக்கிறேன். நடக்க வேண்டியவர்கள் வாகனம் வைத்திருக்கும் நாம். வாகனம் வேண்டியவர்கள் அவர்கள்.

நம் வேன்கள் மலையை என்ன செய்தன என்பதற்கு நீதிமன்றமே சாட்சி. சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடையில் கொடைக்கானலுக்குள் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகளே நுழையலாம் என்று வரம்பும் கட்டினர். இத்தனைக்குப் பின்னும் மலைச்சாலையில் முன்வண்டியின் புகையை மோந்துகொண்டு நிற்பதைச் சுற்றுலா என்கிறோமே!

ஆபத்து உண்டு என்பீர்கள். உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை மறக்கலாகாது. அதனால்தான் வனத்துறை அனுமதியின்றி, வழிகாட்டியின்றி ஒருவரும் காட்டில் காலெடுத்து வைக்கக்கூடாது என்று வற்புறுத்துகிறேன். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படி திறந்து, இணையவழி முன்பதிவுக்கும் ஏற்பாடு செய்தது. எளிய பாதைகளும் அவற்றில் உள. மே வெயிலில் அடிவாரத்திலிருந்து ஏறுவது அறிவன்று; கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறைகளே உகந்தவை.

எங்கள் வீட்டில் இவ்வாண்டு வேன் பேசவில்லை. நால்வர் இசைந்துவிட்டனர். மருமகன் மட்டும் இன்னும் முழங்காலைத் தடவிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.