விளக்கு எரிவது யாருடைய செலவில்?

2022ஆம் ஆண்டுத் தவக்காலத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டு மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு. மின்பிறப்பாக்கி வைத்திருந்தவர்களிடமும் அதற்கு ஊற்ற டீசல் இல்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் எமது கடற்றொழிலாளரின் படகுகள் கரையில் கிடந்தன. எரிபொருள் வரிசைகளில் வெயிலில் நின்ற முதியவர்கள் சிலர் நின்ற இடத்திலேயே விழுந்து இறந்தார்கள். மெழுகுதிரி வெளிச்சத்தில் சிலுவைப்பாதை செய்த அந்த நாட்களில் ‘எப்படியாவது கரண்ட் வந்தால் போதும்’ என்பதே எல்லோருடைய மன்றாட்டாகவும் இருந்தது.

கரண்ட் வந்துவிட்டது. ஆனால் அந்த ‘எப்படியாவது’ என்ற சொல்லைப் பற்றி நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியவர்களாய் இருக்கின்றோம். ஏனெனில் இந்தச் சிறிய நாட்டின் மின்துறை வரலாறு முழுவதும் அந்தச் சொல்லின் மேலேயே கட்டப்பட்டிருக்கின்றது.

இலங்கையில் நிலக்கரி கிடையாது, எண்ணெய் கிடையாது. மன்னார்க் கடற்படுகையில் 2011இல் எரிவாயு கண்டறியப்பட்டது. அது இன்னும் கடலுக்கு அடியிலேயே இருக்கின்றது. எமக்கென இறைவன் தந்தவை மலைநாட்டு ஆறுகளும், வெயிலும், கரையோரக் காற்றுமே. ஆறுகளை நாம் முதலில் பயன்படுத்தினோம். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் கனவாக இருந்த லக்சபான 1950இல் இயங்கத் தொடங்கியது. 1980களில் மகாவலித் திட்டத்தின் கீழ் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல நீர்த்தேக்கங்கள் வந்தன. ஒரு காலத்தில் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதியை மழையே தந்தது. மழை பொய்த்த 1996இல் நாடு இருளில் மூழ்கியது. அதன்பின் அவசர அவசரமாக டீசலிலும் உலை எண்ணெயிலும் ஓடும் தனியார் மின்நிலையங்கள் வந்தன. பின்னர் நிலக்கரி வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டுப்பாடு, ஒரு அவசரம், ஒரு ‘எப்படியாவது’. 2022இல் டொலர் தீர்ந்தபோது எண்ணெய்க் கப்பலுக்கும் நிலக்கரிக் கப்பலுக்கும் கொடுக்கப் பணம் இல்லை. வரட்சியும் சேர்ந்துகொண்டது.

அந்த அவசரங்களுக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அந்த மின்சாரத்தை அதிகம் பயன்படுத்தாதவர்களே. விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் பழைய தெல்தெனிய நகரமே அமிழ்ந்து போனது. 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டத்துக்காக சென் கிளெயர் நீர்வீழ்ச்சி மெலிந்தது. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தை தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு அண்மையில் அமைக்க வேண்டாம் என்று கத்தோலிக்க மக்களும் குருக்களும் நெடுங்காலம் எதிர்த்தார்கள். ஆனாலும் சீனக் கடனில் அது எழுந்தது. முதற்பிரிவு 2011இல் இயங்கத் தொடங்கி, 2014இல் மூன்று பிரிவுகளுமாக 900 மெகாவாட் ஆனது. இன்று நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அங்கிருந்தே வருகின்றது. கரித்தூசியும் சாம்பலும் கற்பிட்டிக் கரையில் வாழும் மீனவருக்கும் தோட்டக்காரருக்கும் உரியவை.

யாழ்ப்பாணத்தாருக்கு சுன்னாகத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கிணற்று வாளியில் எண்ணெய் மிதந்தது. குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்கும் தண்ணீரை பவுசரில் எதிர்பார்த்து நின்ற தாய்மார் இன்றும் எம்மிடையே இருக்கின்றார்கள். நிலத்தடி நீரைத் தவிர வேறு நன்னீர் இல்லாத ஒரு குடாநாட்டில் அது சிறிய காரியமல்ல. 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், அங்கு இயங்கிய தனியார் மின்நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு நல்லதே. ஆனால் எண்ணெய் நிலத்துக்குள் இறங்கும்போது எவரும் அந்த மக்களிடம் கேட்கவில்லை.

சம்பூரின் கதை வேறு விதமானது. 2006இல் போரினால் அங்கிருந்து துரத்தப்பட்ட மக்களின் நிலத்தில் இந்திய ஒத்துழைப்புடன் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் திட்டமிடப்பட்டது. மக்கள் முகாம்களில் இருக்க, நிலம் வரைபடங்களில் கைமாறியது. எதிர்ப்பும் வழக்கும் எழுந்தபின் 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்பிரல் 5ஆம் திகதி அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு இந்தியப் பிரதமரும் எமது ஜனாதிபதியும் அடிக்கல் நாட்டினார்கள். நிலக்கரியை விட வெயில் எவ்வளவோ மேல் என்பதை நாம் மனமார ஏற்கின்றோம். ஆயினும் நிலத்தின் கதை தூய்மையானதா என்ற கேள்வியை சூரியத் தகடு தீர்த்து வைப்பதில்லை.

இப்போது மன்னாருக்கு வருவோம். இது எமக்கு மிகவும் அண்மையில் உள்ள காயம்.

மன்னார்த் தீவு ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள, தாழ்ந்த, மணல் நிலம். அதன் தென்கரையில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் 30 காற்றாலைகள் நிறுவப்பட்டு, 103.5 மெகாவாட் ‘தம்பபவனி’ 2020 டிசெம்பரில் திறந்து வைக்கப்பட்டது. அப்போது பெரும்பாலோர் மகிழ்ந்தோம். காற்று இலவசம், புகை இல்லை, டொலர் தேவையில்லை. பின்னர்தான் கடற்கரையில் வாழ்வோர் சொல்லத் தொடங்கினார்கள்: பாதைகளை உயர்த்தியதால் மழைநீர் வடிந்தோடாமல் வீடுகளுக்குள் நிற்கின்றது, கரைவலைக்கு மீன் குறைந்துவிட்டது, பறவைகள் இடம் மாறுகின்றன. மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளின் பாதையில் மன்னார் இருக்கின்றது என்பது உலகம் அறிந்தது. மீனவர்கள் சொன்னவை எல்லாம் அறிவியல்படி நிறுவப்பட்டவையா என்று கேட்போர் உண்டு. ஆராய்ந்து நிறுவ வேண்டியது மக்களின் வேலையல்ல, திட்டத்தைக் கொண்டு வருகிறவர்களின் வேலை என்பதே எமது எண்ணம்.

இதற்கிடையில் அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைகளை அமைக்க முன்வந்தது. போட்டி விலைமனு இல்லாமலே அது வந்தது. 2022 ஜூனில் மின்சார சபையின் தலைவர், இத்திட்டத்துக்கு மேலிடத்து அழுத்தம் இருந்ததாகப் பாராளுமன்றக் குழு முன் சொல்லி, மறுநாளே அதை மீளப் பெற்று, பின் பதவியும் விலகியதை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 2024இல் ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று விலை ஒப்புக்கொள்ளப்பட்டது. வழக்குகள் உயர் நீதிமன்றம் சென்றன. புதிய அரசாங்கம் விலையை மீளாய்வு செய்ய முற்பட்டபோது, 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. அதே மன்னாரில் 50 மெகாவாட் திட்டமொன்றுக்குப் போட்டி விலைமனு கோரியபோது வந்த விலை 4.65 சதம். ஏறத்தாழ பாதி! வெளிப்படையாகக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட எளிய பாடம் வேண்டியதில்லை.

ஆனால் விலைமனுக்காரரிடம் கேட்ட அரசு, மக்களிடம் கேட்க மறந்தது. 2025 ஓகஸ்டில் காற்றாலைப் பாகங்களை ஏற்றிய பாரவூர்திகள் தீவுக்குள் நுழைய முற்பட்டபோது மக்கள் இரவு பகலாக வீதியில் அமர்ந்தார்கள். ஜனாதிபதி அவர்களின் பிரதிநிதிகளைச் சந்தித்து, ஒரு மாதத்துக்குப் பணிகளை நிறுத்தி வைத்தார். மாதம் முடிந்ததும் பணிகளைத் தொடரத் தீர்மானிக்கப்பட்டது. செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு, பாரவூர்திகளுக்கு வழிவிடப் பொலிஸார் பலத்தைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் எமது குருக்களும் இருந்தார்கள். தூய்மையான மின்சாரம் என்று நாம் பெருமையோடு சொல்லும் ஒன்று, பொலிஸ் பாதுகாப்புடன் ஊருக்குள் வர வேண்டியிருந்தது.

இங்கே நாம் நேர்மையாகப் பேச வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடல், நிலக்கரி போன்ற எரிபொருட்களைக் காலந்தாழ்த்தாமல் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்று கேட்கின்றது. அதை நாம் பங்குகளில் வாசித்தோம், கருத்தரங்கு வைத்தோம், மரம் நட்டோம். நுரைச்சோலையில் நிலக்கரி வேண்டாம் என்றோம். மன்னாரில் காற்றாலையும் வேண்டாம் என்றால், ‘அப்படியானால் எங்கிருந்துதான்?’ என்று கொழும்பில் கேட்பவருக்கு நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். 2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவதென்ற இலக்கை எமது நாடு அறிவித்திருக்கின்றது. அந்த இலக்கைக் காற்று இல்லாமல் எட்ட முடியாது. காற்றோ வடமேற்குக் கரையில்தான் பலமாய் வீசுகின்றது.

எமது பதில் இதுதான். காற்றாலை வேண்டாம் என்பதல்ல மன்னார் மக்களின் குரல். இந்தச் சிறிய தீவு இனியும் தாங்காது, பெருநிலப் பரப்பில் மக்கள் நெருக்கமில்லாத இடங்களைப் பாருங்கள் என்பதே. அதே சுற்றுமடல் இன்னொன்றையும் சொல்கின்றது: ஒரு திட்டத்தின் பாதிப்பை அது தொடங்குமுன்பே ஆராய வேண்டும், கலந்துரையாடும் மேசையில் அவ்விடத்து மக்களுக்குச் சிறப்பான இடம் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பகுதியை வாசிக்காமல் முதற்பகுதியை மட்டும் வாசிப்பது சுலபம். அந்தத் தவறை நாமும் செய்திருக்கின்றோம்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. 2023இல் மட்டும் பத்து இலட்சத்துக்கும் அதிகமான மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டதாகப் பாராளுமன்றக் குழுவொன்று அறிக்கையிட்டது. பங்குகளில் வீடு சந்திக்கப் போனவர்களுக்கு அந்த எண்ணிக்கையின் முகம் தெரியும்: குப்பி விளக்கில் படிக்கும் சாதாரண தரப் பிள்ளை. 2025 ஜனவரியில் கட்டணம் 20 சதவீதம் குறைந்தது, ஜூனில் 15 சதவீதம் மறுபடி ஏறியது. வசதியுள்ளவர் கூரையில் சூரியத் தகடு போட்டுப் பட்டியலிலிருந்து தப்பிக்கொண்டார். அவரைக் குறை சொல்லவில்லை. எமது குருமனைகள் சிலவற்றின் கூரையிலும் அது இருக்கின்றது. ஆனால் தகடு போட முடியாதவரே மீதிச் செலவைச் சுமக்கின்றார் என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

கூரைத் தகடுகளும் தனியே போதாது என்பதை ஒரு குரங்கு கற்றுத் தந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மோதியதால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதாக அமைச்சர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். சிரிப்புக்குப் பின்னால் இருந்த காரணம் வேறு. ஞாயிறு நண்பகலில் தொழிற்சாலைகள் மூடியிருக்கும், தேவை குறைவு, வெயில் அதிகம். சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாக ஓடும் அந்த வேளையில் ஒரு சிறு அதிர்ச்சியையும் வலையமைப்பால் தாங்க முடியவில்லை. நுரைச்சோலையின் மூன்று பிரிவுகளும் நின்று, மீள இயங்க நாட்களாயின. இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் மூன்று மணிவரை கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே வேண்டிக்கொண்டது. பகலில் வீணாகும் வெயிலை இரவு ஏழு மணிக்குக் கொண்டுவர மின்கலங்கள் வேண்டும், பழைய கம்பிகளைப் புதுப்பிக்க வேண்டும். இது அடிக்கல் நாட்டிப் படம் எடுக்கக்கூடிய வேலையல்ல. அதனாலேயே அது பின்தள்ளப்பட்டு வந்திருக்கின்றது போலும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மக்களைக் கேட்டால் இன்னொரு தடையைச் சொல்வார்கள். டீசல் இயந்திரத்துக்குப் பதிலாகக் காற்றும் வெயிலும் மின்கலமும் சேர்ந்த திட்டம் 2021 ஜனவரியில் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா கவலை தெரிவித்தது. சீனத் திட்டம் கைவிடப்பட்டு, இந்திய நன்கொடையில் புதிய ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கைச்சாத்தானது. மொத்தமே 2.2 மெகாவாட் அளவுதான். இரு பெரும் நாடுகளின் இழுபறியில் மூன்று சிறு தீவுகளுக்கு மூன்று ஆண்டுகள் போயின.

இலங்கை மின்சார சபையை முழுக்க அரசுக்குச் சொந்தமான சில கம்பனிகளாகப் பிரிக்கும் சட்டம் 2024இல் வந்து, 2025இல் திருத்தப்பட்டது. 1969 முதல் இருந்த ஒரு சபையின் பெயர்ப்பலகை மாறுவது பெரிய விடயமாகப் பேசப்படுகின்றது. சம்பூரிலும் சுன்னாகத்திலும் மன்னாரிலும் கேட்கப்படாதவர்களை இந்தக் கம்பனிகள் கேட்குமா என்பது எந்தச் சட்டப்பிரிவிலும் தெளிவாக எமக்குத் தென்படவில்லை.

கேட்கும் இடம் ஒன்று உண்டு. கட்டணத்தை மாற்றுமுன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்கள் கருத்துக் கேட்பு அமர்வுகளை நடத்துகின்றது. மாகாணங்களிலும் நடத்துகின்றது, எழுத்திலும் கருத்தை அனுப்பலாம், தமிழிலும் அனுப்பலாம். எமது பங்குகளிலிருந்து அங்கு போனவர்கள் மிகச் சிலரே. அடுத்த அமர்வு அறிவிக்கப்படும்போது, ஞாயிறு திருப்பலி அறிவித்தல்களில் அன்பிய ஒன்றுகூடலுக்கும் மரண அறிவித்தலுக்கும் இடையில் அதற்கும் ஒரு வரி வாசிக்கும்படி பங்குத்தந்தையரையும் அருட்பணிச் சபைகளையும் கேட்டுக்கொள்கின்றோம். இணைப்புத் துண்டிக்கப்பட்ட வீடுகள் உங்கள் பங்கில் எத்தனை என்று எண்ணி எடுத்துப் போனால் இன்னும் நல்லது.