'ரெட்ரோ' கூட்டம்: பழி போடவா, பாடம் படிக்கவா?

வெள்ளிக்கிழமை மாலை 4 மணி. ஐ.டி. நிறுவனம் ஒன்றின் கூட்ட அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பலகையில் மூன்று கட்டங்கள்: எது நன்றாகப் போனது, எது சரியாகப் போகவில்லை, அடுத்து என்ன செய்யலாம்? "சொல்லுங்கப்பா, ஏதாவது இருக்கா?" என்கிறார் மேனேஜர். "எல்லாம் நல்லாத்தான் போச்சு சார். டெஸ்டிங்குக்குத்தான் கொஞ்சம் டைம் பத்தலை" என்கிறார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். கூட்டம் முடிகிறது. இரண்டு வாரம் கழித்து அதே அறை, அதே பலகை, அதே "டைம் பத்தலை".

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 'ரெட்ராஸ்பெக்டிவ்', சுருக்கமாக 'ரெட்ரோ' என்று அழைக்கப்படும் கூட்டம் இது. செய்து முடித்த வேலையைத் திரும்பிப் பார்த்து, வேலை செய்யும் முறையைத் திருத்திக்கொள்வதுதான் இதன் நோக்கம். ஆனால், பல இடங்களில் இது வெறும் சடங்காகிவிட்டது.

எங்கிருந்து வந்தது?

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸ்னோபேர்டில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி, 'அஜைல்' அறிக்கையை உருவாக்கினார்கள். அதனுடன் சேர்ந்த 12 கொள்கைகளில் கடைசிக் கொள்கை இதைத்தான் சொல்கிறது: குழு குறிப்பிட்ட இடைவெளியில் தன்னைத் தானே ஆராய்ந்து, நடைமுறையை மாற்றிக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு நார்மன் கெர்த் இந்தக் கூட்டங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் வைத்த அடிப்படை விதி எளிமையானது. அன்றைக்குத் தெரிந்த விவரம், இருந்த வசதி, அப்போதைய சூழ்நிலை ஆகியவற்றை வைத்து ஒவ்வொருவரும் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

இது வெறும் நாகரிகத்துக்காகச் சொன்னதல்ல. பழி விழும் என்று தெரிந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். உண்மை வெளியே வராவிட்டால் திருத்துவதற்கு எதுவும் இருக்காது.

கிட்லேப் காட்டிய வழி

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், இரவு வரை நீண்ட வேலைக்கு நடுவே, துணை சர்வரில் அழிக்க வேண்டிய தரவை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜி.பி. தரவில் 4.5 ஜி.பி. மட்டுமே மிஞ்சியது. பேக்அப் இருக்கிறதே என்று தேடினால், தினமும் நகல் எடுக்க வேண்டிய ஏற்பாடு சத்தமில்லாமல் தோல்வியடைந்து வந்திருந்தது. அதுபற்றிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச்சேரவில்லை. வேறு ஒரு வேலைக்காக 6 மணி நேரத்துக்கு முன்பு எடுத்துவைத்த நகல்தான் கைகொடுத்தது.

பிறகு அந்நிறுவனம் வெளியிட்ட ஆய்வறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. 'யார் அழித்தது?' என்பதோடு நிற்காமல், 'பேக்அப் வேலை செய்கிறதா என்று ஏன் யாரும் சோதிக்கவில்லை?' என்று கேட்டார்கள். அந்த வேலைக்குப் பொறுப்பாளர் என்று யாரும் இல்லை என்ற பதில் வந்தது. பொறியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு விஷயத்தை முடித்திருந்தால், இந்தப் பதில் கிடைத்தே இருக்காது.

இது பெரிய விபத்துக்குப் பிறகு நடந்த ஆய்வு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் ரெட்ரோ அதைவிடச் சிறியதுதான். ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே.

வாய் திறக்காதது ஏன்?

ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, தயங்காமல் வெளியே சொன்னார்கள் என்பது அவர் கண்ட விளக்கம்.

அப்ரைசலுக்கு மார்க் போடுபவரே ரெட்ரோவையும் நடத்தினால், "அந்த பக் என்னாலதான் வந்துச்சு" என்று யார் சொல்வார்? மூத்தவர்கள் இருக்கும்போது வாயை மூடிக்கொள்வதே மரியாதை என்று பழகிய இளைஞர்களுக்கு இது இன்னும் கஷ்டம். 'ஏன் யாரும் பேசுறதில்லை?' என்று குழுவைக் குறை சொல்வதற்கு முன், கூட்டத்தில் சொன்னது அப்ரைசலில் வராது என்ற உறுதியை நிர்வாகம் தர வேண்டும். தந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.

என்ன செய்யலாம்?

• முதல் பத்து நிமிடம் பேச்சு வேண்டாம். ஒவ்வொருவரும் தனியாக எழுதட்டும். பிறகு, வேலையில் புதியவர் முதலில் பேசட்டும், மேனேஜர் கடைசியில் பேசட்டும். கூட்டத்தை நடத்தும் பொறுப்பும் சுழற்சியில் வரட்டும்.

• கருத்துக்கு முன் விவரம் வேண்டும். "டெஸ்டிங் லேட்" என்பது புலம்பல். "ஆறு டிக்கெட்டில் நான்கு, கடைசி நாள்தான் டெஸ்டர் கைக்கு வந்தது" என்பது விவரம். அதிலிருந்துதான் 'ஏன்?' என்று கேட்க முடியும்.

• பத்துத் தீர்மானம் வேண்டாம், ஒன்று போதும். அதற்கு ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி. மற்ற வேலைகளோடு அதுவும் ஸ்பிரிண்ட் பட்டியலில் இருக்க வேண்டும். மின்னஞ்சலில் மட்டும் இருக்கும் தீர்மானத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

• குழுவால் மாற்ற முடியாத விஷயங்களைத் தனியே எழுதி, நிர்வாகத்திடம் கொண்டுபோக வேண்டும். அடுத்த கூட்டத்துக்குள், முடியாது என்றாவது பதில் வர வேண்டும்.

"டெலிவரி தலைக்கு மேல இருக்கு, இதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்ற கேள்வி நியாயமானதே. எட்டுப் பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், ஒருவரின் முழு நாள் உழைப்பு போகிறது. எதுவுமே மாறாத ரெட்ரோவை நடத்துவதற்குப் பதில், அந்த ஒரு மணி நேரம் எல்லோரையும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

ஆனால், அப்படி ரத்து செய்வதற்கு முன் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்கலாம். "ஏதாவது இருக்கா?" என்று தொடங்காமல், "போன தடவை முடிவு பண்ணினோமே, அது என்ன ஆச்சு?" என்று தொடங்க வேண்டும். அதை மேனேஜர் கேட்க வேண்டும், அதில் தன் பங்கு என்ன ஆனது என்பதையும் அவரே முதலில் சொல்ல வேண்டும்.